சீல் சொன்ன சேதி



இன்றைய பேச்சை ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். கடித உறையின் மூலையில் நாம் ஒட்டும் சிறு படத்தைத் தமிழ்நாட்டார் 'தபால்தலை' என்கிறார்கள். நாங்கள் 'முத்திரை' என்கிறோம். அவர்கள் 'முத்திரை' என்று சொல்வதோ வேறொன்றை. கந்தோரில் அந்தப் படத்தின்மேல் கறுப்பு மையினாற் குத்தி விடுகிறார்களே, அந்த வட்ட அடையாளத்தை. அதற்கு எங்கள் பேச்சில் உள்ள பெயர் 'சீல்'. பிறமொழிச் சொல்தான். என்றாலும் "சீல் குத்தியாயிற்றா?" என்று கேட்டால் யாழ்ப்பாணத்தில் விளங்காதவர் இல்லை. ஆகவே இன்று முழுவதும் முத்திரை என்றால் ஒட்டுவது, சீல் என்றால் குத்துவது என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இரண்டில் எது பெறுமதியானது? சிறுவயதில் என்னைக் கேட்டிருந்தால் முத்திரை என்றே சொல்லியிருப்பேன். சீல் என்பது அழகான படத்தைக் கெடுக்கும் கறை. அப்படி நினைத்ததனால் நான் செய்த ஒரு காரியத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

அளவெட்டியிலே எங்கள் ஆச்சி வீட்டு விறாந்தைச் சுவரில் ஒரு கம்பி தொங்கியது. கீழ் நுனி வளைந்த கம்பி. வீட்டுக்கு வந்த கடிதங்கள் உறையோடு அதிலே குத்தப்பட்டிருக்கும். அக்காலத்தில் எங்கள் பக்கத்தில் அந்தக் கம்பி இல்லாத வீடு குறைவு. ஆச்சியின் கம்பியில் இருந்தவற்றிற் பெரும்பாலானவை மலாயாக் கடிதங்கள். அவருடைய மூத்த மகன், எனக்குப் பெரிய மாமா, கோலாலம்பூரிலே புகையிரதப் பகுதியில் கிளாக்கராக இருந்தவர். யுத்தத்துக்குப் பின் அவர் திரும்பி வரவில்லை. இறந்துபோனார் என்ற சேதி வந்தது. நாளும் திதியும் வரவில்லை. நாள் தெரியாதபடியால் ஆடி அமாவாசையில் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லித் தர்ப்பணம் செய்வார்கள்.

1960களின் நடுப்பகுதி. எனக்கு முத்திரை சேர்க்கும் பைத்தியம் பிடித்த வயது. ஒரு பள்ளி விடுமுறையில் அந்தக் கம்பியிலிருந்த உறைகளையெல்லாம் உருவினேன். முத்திரை இருந்த மூலைகளைக் கத்தரித்துச் சட்டித் தண்ணீரிலே போட்டேன். பசை இளகியதும் முத்திரைகள் மிதந்தன. துடைத்து, உலர்த்தி, ஆல்பத்தில் ஒட்டினேன். மிச்ச உறைகள் அடுப்படிக்குப் போயின.

அந்தக் கதையை இங்கே நிறுத்திக்கொண்டு, சீலின் கதைக்கு வருவோம்.

முத்திரையை விடச் சீல் வயதில் மூத்தது. உலகின் முதல் ஒட்டு முத்திரையான 'பென்னி பிளாக்' இங்கிலாந்தில் வெளிவந்தது 1840 மே மாதம். திகதி காட்டும் சீலோ அங்கே 1661இலேயே வந்துவிட்டது. அப்போது தபாற் பகுதித் தலைவராக இருந்தவர் ஹென்றி பிஷப். கடிதங்களைத் தபாற்காரர் வழியிலே தாமதப்படுத்துகிறார்கள் என்று சனங்கள் முறையிட்டபோது, கந்தோருக்குக் கடிதம் வந்த நாளையும் மாதத்தையும் காட்டும் சிறு வட்டக் குறியை ஒவ்வொரு கடிதத்திலும் குத்த ஏற்பாடு செய்தார். அதாவது, சீல் பிறந்ததே சாட்சி சொல்வதற்காக.

1840க்குப் பின் சீலுக்கு இரண்டாவது வேலையொன்று சேர்ந்தது. ஒருமுறை பாவித்த முத்திரையை மறுபடி பாவிக்காதபடி கெடுக்கவேண்டும். பென்னி பிளாக்கைக் கெடுக்க முதலிற் சிவப்பு மையில் மால்ற்றாச் சிலுவை வடிவக் குறியைக் குத்தினார்கள். அந்தச் சிவப்பைக் கழுவி எடுக்க முடிந்ததால், 1841இல் முத்திரையைச் சிவப்பாகவும் சீலைக் கறுப்பாகவும் மாற்றினார்கள். 1844இல் கந்தோருக்கு ஓர் இலக்கம் கொடுத்து, கோடுகளுக்கு நடுவே அந்த இலக்கத்தைப் பொறித்த சீல்களைப் புழக்கத்துக்கு விட்டார்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இந்த இலக்கச் சீல்களின் வேலை முத்திரையைக் கெடுப்பது மாத்திரமே. ஊர்ப் பெயரும் திகதியும் உள்ள சீல் அதற்குப் பக்கத்தில், உறையின் வெறும் இடத்தில் தனியாகக் குத்தப்படும். முத்திரையைக் கழற்றி எடுத்தால் கையில் வருவது கோடும் இலக்கமும்தான். ஊரும் நாளும் உறையோடு நின்றுவிடும்.

இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வெளிவந்தது. விக்ரோறியா மகாராணியின் தலை பொறித்த, கபில நிற ஆறு பென்ஸ் முத்திரை அது. 1872இல் பென்ஸ் போய்ச் சதக் கணக்கில் முத்திரைகள் வந்தன. இந்த முத்திரைகளைப் பற்றிய பட்டியல்கள் ஏராளம். எனினும் பழைய குடியேற்ற நாட்டு முத்திரைகளை ஆராய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். படத்தைப் பார்த்து முடித்தபின் அவர்கள் பூதக்கண்ணாடியை வைப்பது மையின்மேல்தான். முத்திரை எந்த நாட்டில் விற்கப்படுவதற்காக அச்சிடப்பட்டது என்பதைப் படம் சொல்லும். அது உண்மையில் எந்த ஊரில், எந்த நாளில் கடிதத்தோடு புறப்பட்டது என்பதைச் சீல் சொல்லும். இந்த இரண்டும் ஒத்துவராத இடத்தில்தான் வரலாறு கண் விழிக்கிறது.

சில உதாரணங்கள் பார்ப்போம்.

பழைய இந்திய முத்திரை ஒன்று. விக்ரோறியாவின் தலை. மேலே கோடுகளுக்கு நடுவில் ஆங்கிலத்தில் 'பி' என்ற எழுத்தும் 172 என்ற இலக்கமும். கல்கத்தாவோ சென்னையோ என்று தேடினால் அகப்படாது. பி 172 என்பது சிங்கப்பூர். பி 147 பினாங்கு, பி 109 மலாக்கா. இம்மூன்று குடியிருப்புகளும் 1867 வரை இந்திய ஆட்சியோடு சேர்ந்திருந்தன. 1854 முதல் அங்கே பாவிக்கப்பட்டவை இந்திய முத்திரைகளே. 1867 ஏப்ரலில் அவை தனிக் குடியேற்ற நாடாகப் பிரிந்தபோதும், முதலில் வெளியிட்டது இந்திய முத்திரைமேல் கிரீடமும் சதக் கணக்கும் மேலச்சுப் போட்ட முத்திரைகளைத்தான். சாதாரண இந்திய முத்திரையாகப் பெட்டியிற் கிடப்பது, இலக்கத்தைப் படித்த கணத்திலே கடல் கடந்து போய்விடுகிறது. இதைப் போலவே, ஆங்கில முத்திரையில் 'ஏ 25' என்று கண்டால் அது மால்ற்றாத் தீவில் அஞ்சலிட்டது.

எங்கள் நாட்டுக்குக் கிட்ட வருவோம். 1906இல் மாலைதீவு தன் முதல் முத்திரைகளை வெளியிட்டது. அவை வேறொன்றுமல்ல. இலங்கை முத்திரைமேல் மாலைதீவு என்று மேலச்சிட்டவை. சின்னத் தீவு, கடிதப் போக்குவரத்தும் சொற்பம். ஆகையினால் அங்கே உண்மையாகவே கடிதத்தில் ஒட்டிச் சீல் குத்திய முத்திரையைச் சேகரிப்போர் ஆவலோடு தேடுவார்கள்.

இன்னுமொன்று. விக்ரோறியாக் காலத்து இலங்கை முத்திரையில் 'தியத்தலாவ' என்ற சீல். பார்வைக்கு மலைநாட்டின் ஒரு சிற்றூர். திகதியைப் பாருங்கள். அது 1900 ஓகஸ்டுக்கும் 1902க்கும் இடைப்பட்டதாக இருந்தால், அந்தக் கடிதம் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட போயர் கைதி ஒருவருடையதாக இருக்கலாம். ஏறத்தாழ ஐயாயிரம் பேரைப் பிரித்தானியர் இலங்கைக்குக் கொணர்ந்தனர். அவர்களிற் பெரும்பாலோரைத் தியத்தலாவையில் முட்கம்பிக்குள் வைத்திருந்தனர். உறையிலே தணிக்கைக் குறியும் இருந்தால் ஐயம் இன்னும் குறையும். ஆனால் முத்திரையைத் தனியே கழற்றியிருந்தால் தணிக்கைக் குறிக்கு எங்கே போவது?

கொழும்புச் சீல் விழுந்த ஆங்கில முத்திரைகளும் உண்டு. இதைக் கண்டு பிழையென்று எண்ணியவர்கள் பலர். பிழையல்ல. கப்பலிலே பயணம் செய்கிறவர் நடுக்கடலில் கடிதம் எழுதினால், அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு ஓடுகிறதோ அந்த நாட்டு முத்திரையை ஒட்டலாம் என்று சர்வதேசத் தபால் ஒன்றியத்தில் விதி இருந்தது. கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொட்டதும் அவ்வூர்க் கந்தோரிற் சீல் குத்துவார்கள். 'பாக்கெபோ' என்ற பிரெஞ்சுச் சொல்லைத் தனியாகவும் பதிப்பார்கள். தபாற்கப்பல் என்பது அதன் பொருள். கிழக்கும் மேற்கும் சந்திக்கும் துறைமுகமாகக் கொழும்பு இருந்தபடியால் இத்தகைய கடிதங்கள் இங்கே நிறைய இறங்கின.

இனி எங்கள் வீட்டுக் கம்பிக்கு வரலாம்.

மலாயாவின் முதற் புகையிரதப் பாதை 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதை அமைக்க இலங்கையிலிருந்து தொழிற்படையினர் போனார்கள். அதைத் தொடர்ந்து நில அளவை, புகையிரதம், திறைசேரி, தபால் என்று கந்தோர்கள் பெருகின. மிசன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கப்பலேறினார்கள். அளவெட்டியை அடுத்த தெல்லிப்பழையில் அமெரிக்க மிசன் 1816இலேயே காலூன்றியது என்பதை நேயர்கள் அறிவீர்கள். போனவர்கள் பணம் அனுப்பினார்கள், காணி வாங்கினார்கள், கல்வீடு கட்டினார்கள். முதுமையில் 'மலாயன் பென்சனியர்' என்ற பட்டத்தோடு திரும்பி வந்தார்கள். கும்பிழாவளைப் பிள்ளையாரும், தவில் நாதசுரமும், மகாகவியும் அ. ந. கந்தசாமியும் எங்கள் ஊரின் பெருமைகள். அந்தப் பெருமைகளோடு மலாயாச் சம்பளமும் இந்தச் செம்மண்ணில் நடமாடியது என்பதை மறக்கலாகாது.

அவர்கள் அனுப்பிய கடிதங்களில் முதலில் வந்தவை பாயும் புலி முத்திரைகள். பிறகு சுல்தான்மாரின் உருவங்களும், சிலாங்கூருக்குக் கிள்ளான் பள்ளிவாசலும் வந்தன. இவை எந்த ஆல்பத்திலும் உண்டு. ஆனால் சீல்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒருவருடைய உத்தியோக வாழ்க்கையே தெரியும். தைப்பிங்கில் தொடங்கி, கம்பாருக்கு மாற்றலாகி, சிரம்பானிற் சில காலம் இருந்து, கோலாலம்பூரில் நிலைத்தார் என்று இடமும் ஆண்டும் காட்டும். சீலிலே உள்ள சில ஊர்கள் இன்று அந்தப் பெயரோடு இல்லை. போர்ட் சுவெட்டன்ஹாம் இன்று போர்ட் கிள்ளான். தெலுக் அன்சன் இன்று தெலுக் இந்தான். போர்ட் வெல்ட், குவாலா செபெத்தாங் ஆகிவிட்டது. பாட்டனார் வேலை செய்த ஊரைப் புதிய தேசப்படத்திற் காணாது திகைக்கும் பேரப்பிள்ளைகளுக்குப் பழைய சீல் ஒன்றே வழிகாட்டி.

உறையின் பின்புறமும் பேசும். வந்து சேர்ந்த கந்தோரின் சீல் அங்கே இருக்கும். சில வேளை இடைவழிக் கந்தோர்களின் சீலும் இருக்கும். பின்பக்கத் திகதியிலிருந்து முன்பக்கத் திகதியைக் கழித்தால் கடிதம் வந்த காலம் கிடைக்கும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர்ப் புகையிரதம் 1905இல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள உறைகளை அருகருகே வைத்தால், அந்தப் பாதை ஒரு தாயின் காத்திருப்பில் எத்தனை நாளைக் குறைத்தது என்று எண்ணிப் பார்த்துவிடலாம்.

பிறகு யுத்தம் வந்தது. 1941 டிசம்பர் 8ஆம் திகதி யப்பானியர் மலாயாவின் கிழக்குக் கரையில் இறங்கினர். 1942 சனவரி 11இல் கோலாலம்பூர் அவர்கள் வசமாயிற்று. பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. இக்காலத்துச் சீல்களே மலாயாச் சீல்களில் விசித்திரமானவை. முன்னைய முத்திரைகளின்மேல் யப்பானியக் குறிகளை மேலச்சுப் போட்டுப் பாவித்தனர். சிங்கப்பூர்ச் சீலில் ஊரின் பெயர் 'சியோனான்' என்று மாறியது. ஆண்டோ 2602! முதன்முறை காண்பவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார். யப்பானியப் பேரரசு தோன்றியதாகக் கொள்ளப்படும் காலத்திலிருந்து எண்ணும் ஆண்டுக் கணக்கு அது. 2602 என்றால் 1942. சில சீல்களில் வெறும் 17 அல்லது 18 என்றிருக்கும். அது அன்றைய சக்கரவர்த்தியின் ஆட்சியாண்டு. 17 என்பது 1942, 18 என்பது 1943.

நேயர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். இத்தகைய முத்திரை ஒன்று அளவெட்டியில் ஒரு வீட்டுப் பெட்டியிற் கிடைத்தால், அது தபாலில் வந்ததாக இருக்க முடியாது என்றே கொள்ளலாம். யப்பானியர் வசமிருந்த மலாயாவுக்கும் பிரித்தானியர் வசமிருந்த இலங்கைக்கும் இடையே வழக்கமான தபால் இல்லை. மூன்றரை ஆண்டு மௌனம். ஆகவே அந்த முத்திரையை யுத்தம் முடிந்தபின் யாரோ ஒருவர் தம் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்க வேண்டும். உயிர் தப்பி வந்த ஒருவர்!

1945இல் பிரித்தானியப் படை திரும்பியது. படை நிருவாகத்தின் பெயரை மேலச்சிட்ட 'பி. எம். ஏ. மலாயா' முத்திரைகள் வெளிவந்தன. மௌனத்தின் பின் வந்த முதற் கடிதம் என்று அவற்றைப் பலர் பத்திரப்படுத்தியதுண்டு. ஆனால் அவசரப்படக்கூடாது. படை நிருவாகம் 1946 ஏப்ரலில் முடிந்தது. முத்திரையோ 1948 வரை விற்பனையில் இருந்தது. முத்திரையை மாத்திரம் வைத்துக்கொண்டு அது 1945இல் வந்த முதற் கடிதமா, 1947இல் வந்த சாதாரணக் கடிதமா என்று கூற இயலாது. அதைச் சொல்லக்கூடியது சீல் ஒன்றுதான்.

இவ்வளவு பெறுமதி இருந்தால் பொய்யும் இருக்குமல்லவா? பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் சீல்களைப் போலி செய்து, பாவிக்காத முத்திரைகளிற் குத்தி விற்றவர்கள் உண்டு. இலண்டனிற் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் 'மடாம் ஜோசப்' என்ற பெயரோடு தொடர்புபட்ட போலிச் சீல்கள் பேர்போனவை. போலிச் சீலில் அனேகமாகத் திகதி மாறாது. உண்மையான கந்தோரில் ஒவ்வொரு காலையும் திகதி எழுத்தை மாற்றுவார்கள். போலி செய்பவனுக்கு நாளை என்ற ஒன்று இல்லை. பல முத்திரைகளில் ஒரே ஊர், ஒரே நாள் என்று வந்தால் ஐயப்படுங்கள். இங்கும் முழு உறைதான் தக்க சாட்சி. ஒரு கடிதத்தின் முன்புறம், பின்புறம், விலாசம், திகதிகள் எல்லாவற்றையும் பொருந்தப் பொய் செய்வது கடினம்.

செட்டிநாட்டு வணிகர் இதில் எங்களை விடக் கெட்டிக்காரர். பர்மா, மலாயா, சைகோன் எங்குமிருந்து வந்த கடிதங்களை உறையோடு கணக்குக் கட்டுகளிற் சேர்த்து வைத்தார்கள். இன்று 'செட்டியார் உறைகள்' என்றே உலகச் சேகரிப்பாளர் அவற்றைத் தேடுகிறார்கள். அவர்கள் முத்திரைக்காக வைக்கவில்லை. கொடுக்கல் வாங்கலுக்குச் சாட்சியாக வைத்தார்கள்.

நாங்களும் கம்பியில் வைத்துத்தான் இருந்தோம். என்னைப் போன்ற பிள்ளைகள் கத்தரிக்கும் வரை.

நான் முத்திரைகளைக் கழற்றிச் சில மாதங்களின் பின், மலாயாவிலிருந்து பென்சனோடு திரும்பிய ஒருவர் ஆச்சியைப் பார்க்க வந்தார். 1941 டிசம்பர் வரை மாமாவோடு ஒரே வீட்டில் இருந்தவர். குண்டு விழத் தொடங்கியபின் கோலாலம்பூரில் அரிசி கிடையாமற் போனது, கந்தோர்கள் கலைந்தது, ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தது எல்லாவற்றையும் சொன்னார். "அந்த நாளிலையும் அவர் உங்களுக்குக் கடிதம் எழுதினவர்" என்றார். ஆச்சி ஒன்றும் பேசவில்லை. அவர் போனபின் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மாமான்ரை கடைசிக் கடிதம் அந்தக் கம்பியிலை கிடந்தது. தான் நல்ல சுகம், ஒண்டுக்கும் யோசிக்கவேண்டாம் எண்டு எழுதினவன். அதை எப்ப போட்டவன் எண்டு உறையிலை சீலைப் பார்த்துச் சொல்லு மோனை."

கடிதம் இருந்தது. திகதி எழுதிய மேல் விளிம்பைக் கறையான் தின்றிருந்தது. உறை இல்லை. ஆல்பத்தைத் திறந்தேன். கிள்ளான் பள்ளிவாசல் முத்திரை. அதன் இடப்புற ஓரத்தில் சீலின் வலப்பாதி மாத்திரம். ஊர்ப் பெயரின் கடைசி எழுத்துகளாக 'லும்பூர்'. அதற்குக் கீழே 1941. நாளும் மாதமும் இருந்த இடப்பாதி உறையோடு அடுப்புக்குப் போய்விட்டது. வந்து சேர்ந்த திகதி இருந்த பின்புறமும் அப்படியே.

ஆச்சி எதைக் கேட்டார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. பின்னாளில் விளங்கியது. அந்தக் கடிதம் டிசம்பர் 8க்கு முன்னர் எழுதப்பட்டிருந்தால் மகன் உண்மையிலேயே சுகமாக இருந்திருக்கிறான். அதற்குப் பின்னர் என்றால், குண்டு விழுகிற ஊரில் இருந்துகொண்டு தாயின் மனம் நோகாதிருக்க அப்படி எழுதியிருக்கிறான். இந்த இரண்டில் எது என்று அறியத்தான் ஆச்சி ஆசைப்பட்டார். அரை அங்குல மைக்குள் இருந்த விடை அது. "தெரியேல்லை ஆச்சி" என்றேன். அவர் கடிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். என்னை ஏசவில்லை.

1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது கம்பியும் கடிதங்களும் வீட்டோடு நின்றுவிட்டன. திரும்பிப் போனபோது அவை அங்கே இல்லை. ஆல்பம் மாத்திரம் பையோடு வந்தது. பாதிச் சீலோடு அந்த முத்திரை இப்போதும் என்னிடம் இருக்கிறது. முத்திரையாக அதற்குப் பெரிய விலையில்லை. பட்டியலிற் பார்த்தேன்.

இடப்பெயர்வுகளைத் தாண்டியும் சில வீடுகளில் றங்குப் பெட்டிகள் தப்பியிருக்கின்றன. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கூட எங்கள் ஊர் அலுமாரிகளில் பழைய கட்டுகள் உண்டு. உங்களிடம் அப்படியொன்று இருந்தால் மூன்று காரியங்கள் செய்யுங்கள். முத்திரையைக் கழற்றாதீர்கள். உறையையும் கடிதத்தையும் பிரிக்காதீர்கள். உறையின் முன்புறத்தையும் பின்புறத்தையும் சரிந்த வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்து, தெரிகிற எழுத்தையும் எண்ணையும் உள்ளபடி எழுதி வையுங்கள். மங்கிய ஓர் எழுத்தை இன்று உங்களாற் படிக்க முடியாமற் போகலாம். நாளை வேறொருவர் படித்துவிடுவார். உறை இருந்தாற் போதும்.